முதுகுப்பையோடு நெதர்லாந்து: நண்பர் வீட்டில் தங்கிச் சுற்றப் போகிறவர்களுக்கு

நெதர்லாந்தில் இருக்கும் நண்பர் "கிளம்பி வா, என் வீட்டிலேயே தங்கிக்கலாம்" என்று சொல்லிவிட்டால் பயணச் செலவில் பெரும் பாரம் இறங்கிவிடும். கோடையில் அமஸ்டர்டாம் ஹாஸ்டல்களில் பலரோடு பகிர்ந்துகொள்ளும் அறையில் ஒரு படுக்கைக்கே 50 யூரோவைத் தாண்டுவது சாதாரணம். ஆனால் உங்கள் நண்பர் அங்கே பெரும்பாலும் வாடகைக்கு இருப்பவர், காலையில் வேலைக்கோ வகுப்புக்கோ ஓடுகிறவர், உங்கள் விசாவுக்காகக் கையெழுத்தும் போடப்போகிறவர். அவருக்கும் சங்கடமில்லாமல், நீங்களும் நாட்டைச் சரியாகப் பார்த்துவிட்டு வர ஒரு வழி இருக்கிறது. அவர் வீட்டில் பெரிய பையை இறக்கிவைத்துவிடுங்கள். சின்னப் பையோடு கிளம்பி இரண்டு மூன்று இரவுகள் வெளியே தங்குங்கள். திரும்பி வந்து துவைத்து, தூங்கி, மறுபடி கிளம்புங்கள்.

நாட்டின் அளவு இதற்குத் தோதானது. தமிழ்நாட்டின் பரப்பில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அமஸ்டர்டாமிலிருந்து உட்ரெக்ட்டுக்கு ரயிலில் அரை மணி நேரம், வடக்கே க்ரோனிங்கனுக்கு இரண்டு மணி நேரம், தெற்குக் கோடியில் உள்ள மாஸ்ட்ரிக்ட்டுக்கு இரண்டரை மணி நேரம். தினம் ஒரு ஊர் என்று முழுச் சுமையோடு அலைய வேண்டிய தேவையே இல்லை.

முதலில் நண்பரிடம் பேசவேண்டியவை

டிக்கெட் போடுவதற்கு முன்பு, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று அவரிடம் தெளிவாகக் கேட்டுவிடுங்கள். "எத்தனை நாள் வேண்டுமானாலும் இரு" என்பது பாசத்தில் வரும் பேச்சு. அவர் மாணவர் விடுதி அறையிலோ, நான்கு பேர் பகிரும் வீட்டிலோ இருந்தால், இரவு தங்கும் விருந்தினருக்கு வாடகை ஒப்பந்தத்திலேயே கட்டுப்பாடு இருக்கலாம். அறைத் தோழர்களிடமும் ஒரு வார்த்தை கேட்கச் சொல்லுங்கள். ஒரே மூச்சில் நான்கைந்து இரவுகளுக்கு மேல் தங்காமல், இடையிடையே வெளியே போய் வருவதாகச் சொன்னால் எந்த நண்பருக்கும் மனம் லேசாகும்.

எந்த மாதம் என்பதையும் அப்போதே பேசி முடிவுசெய்யுங்கள். ஏப்ரல் நடுவிலிருந்து செப்டம்பர் வரை நல்ல காலம். ஜூனில் இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும். டிசம்பரில் நாலரை மணிக்கே இருட்டிவிடும். டூலிப் பூக்களுக்காகப் போகிறீர்கள் என்றால் ஏப்ரல் நடுப்பகுதிதான் பொதுவாக உச்சம். லிஸ்ஸ ஊரின் கோய்க்கன்ஹோஃப் தோட்டம் மார்ச் நடுவிலிருந்து மே நடு வரை மட்டுமே திறந்திருக்கும். ஏப்ரல் 27 மன்னர் தினம். ஊரே ஆரஞ்சு உடையில் தெருவில் இறங்கும். பார்க்க வேண்டிய நாள்தான், ஆனால் அந்த வாரம் வெளியே தங்க இடம் கிடைப்பது கடினம். நண்பர் வீட்டு நாட்களை அந்த வாரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

விசா: நண்பர் செய்யவேண்டியது, நீங்கள் செய்யவேண்டியது

இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு ஷெங்கன் (ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டு) குறுகிய கால விசா வேண்டும். எந்த 180 நாட்களை எடுத்துக்கொண்டாலும் அதில் 90 நாட்களுக்கு மேல் ஷெங்கன் நாடுகளில் இருக்கக்கூடாது என்பது அதன் அடிப்படை விதி. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். கடைசிக் கெடு 15 நாள். கோடைக்குப் போகிறவர்கள் கெடு நெருங்கும்வரை காத்திருக்கவே கூடாது, விண்ணப்பம் கொடுக்க முன்பதிவு நேரம் கிடைப்பதே சிரமமாகிவிடும். சென்னையில், தூதரகத்துக்காக விசா விண்ணப்பங்களை வாங்கும் விஎஃப்எஸ் மையத்தில் விண்ணப்பத்தைக் கொடுத்து விரல் ரேகை பதியலாம். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. மையத்தின் சேவைக் கட்டணம் தனி.

ஹோட்டலில் தங்குகிறவர் முன்பதிவுச் சீட்டைக் காட்டுவார். நண்பர் வீட்டில் தங்குகிறவருக்கு அதன் இடத்தில் வருவது ஒரு படிவம். விருந்தினருக்கு இடம் தருகிறேன், தேவைப்பட்டால் செலவுக்கும் பொறுப்பேற்கிறேன் என்று உறுதி சொல்லும் படிவம் அது. வெறும் அழைப்புக் கடிதம் போதாது. டச்சுக் குடியேற்றத் துறையான ஐஎன்டியின் தளத்தில் படிவம் கிடைக்கும். நண்பர் அதை நிரப்பி, கையெழுத்துப் போடாமல், தன் ஊர் நகராட்சி அலுவலகத்துக்கு (அங்குள்ள தமிழர்கள் பேச்சில் கெமேந்தெ) எடுத்துப் போகவேண்டும். அலுவலர் முன்னால் கையெழுத்திட்டு அதற்கு முத்திரை வாங்கவேண்டும். முன்பதிவு நேரம் வேண்டும், கட்டணமும் உண்டு. பிறகு அசலை உங்களுக்குக் கூரியரில் அனுப்பவேண்டும். முன்பதிவு நேரமும் கூரியரும் சேர்ந்து பல நாட்கள் பிடிக்கும் என்பதால் விசா வேலையைத் தொடங்கவேண்டிய இடம் இதுதான்.

அந்தப் படிவத்தில் இரண்டு வழிகள். நண்பர் தங்குமிடம் மட்டும் தரலாம். அப்படியானால் செலவுக்கு உங்களிடம் பணம் இருப்பதை நீங்களே காட்டவேண்டும். நெதர்லாந்து எதிர்பார்ப்பது ஒரு நாளைக்கு ஒருவருக்கு 55 யூரோ. இல்லையென்றால் செலவுக்கும் அவரே உத்தரவாதம் தரலாம். அதற்கு அவருடைய சம்பளம் டச்சுக் குறைந்தபட்ச ஊதியத்துக்குக் குறையாமலும், வேலை ஒப்பந்தம் இன்னும் ஓராண்டாவது செல்லுபடியாகும்படியும் இருக்கவேண்டும். சம்பளச் சீட்டுகளும் இணைக்கவேண்டும். உங்களிடம் சேமிப்பு இருந்தால் முதல் வழியையே எடுங்கள் என்பது என் உறுதியான கருத்து. இரண்டாவது வழியில் நண்பர் தலையில் சட்டப் பொறுப்பு ஏறுகிறது. நட்புக்காக அவர் முகம் கோணாமல் சம்மதிப்பார் என்பதாலேயே அதைக் கேட்காமல் இருப்பது நல்லது.

உங்கள் பக்கத்தில் வேண்டியவை: பத்தாண்டுக்குள் வழங்கப்பட்டு, ஷெங்கன் பகுதியை விட்டு வெளியேறும் நாளுக்குப் பிறகும் மூன்று மாதமாவது செல்லும் பாஸ்போர்ட்; குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவை ஏற்கும் பயணக் காப்பீடு; வங்கிக் கணக்கு விவரம்; போகவர விமான முன்பதிவு; வேலையிலிருந்து விடுப்புக் கடிதம். நாள்வாரியான திட்டத்தை ஒரு பக்கத்தில் எழுதுங்கள். வெளியே தங்கும் இரவுகளுக்கு ஹாஸ்டல் முன்பதிவையும் சேர்த்து, படிவத்தில் நண்பர் எழுதிய தேதிகளோடு அது ஒத்துப்போகிறதா என்று சரிபாருங்கள். இடையில் லண்டன் போய்வர எண்ணமிருந்தால் அதற்குத் தனி விசா வேண்டும். ஷெங்கன் விசாவும் பலமுறை நுழைய அனுமதிப்பதாக இருக்கவேண்டும்.

பையில் என்ன

நாற்பது லிட்டர் முதுகுப்பை ஒன்று, அதற்குள் மடித்து வைக்க இருபது லிட்டர் பை ஒன்று. இதற்கு மேல் எதுவும் வேண்டாம். மழை அங்கே எந்த மாதத்திலும் வரும், காற்றோடு வரும். குடையைக் காற்று முறித்துவிடும். மேல்சட்டையும் கால்சட்டையுமாக மழையுடை வாங்கிக்கொள்ளுங்கள். கோடையிலும் மாலையில் ஒரு ஸ்வெட்டர் தேவைப்படும். நடந்து பழகிய ஷூவையே போடுங்கள்.

நண்பருக்கு ஊர்ச் சாமான் எடுத்துப் போகாமல் நமக்கு மனசு கேட்காது. ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளியிலிருந்து இறைச்சியும் பால் பொருட்களும் கொண்டுவர அனுமதியில்லை. நெய், பால்கோவா, பனீர், உப்புக்கண்டம் எல்லாம் வேண்டாம். பச்சைக் கறிவேப்பிலைக் கொத்தும் கூடாது. செடி, இலை, பழங்களுக்குத் தாவர நலச் சான்றிதழ் கேட்பார்கள். இட்லிப் பொடி, சாம்பார்ப் பொடி, அப்பளம், வடகம், எண்ணெயில் சுட்ட முறுக்கு ஆகியவற்றில் சிக்கல் இல்லை. நண்பரின் முகம் மலரவும் அவை போதும்.

இறங்கிய நாள்

ஸ்கிபோல் விமான நிலையத்தில் குடிநுழைவு அலுவலர் கேட்பது பெரும்பாலும் மூன்று: எங்கே தங்குகிறீர்கள், எத்தனை நாள், செலவுக்கு என்ன செய்வீர்கள். நண்பரின் படிவ நகல், திரும்பும் டிக்கெட், காப்பீடு ஆகியவற்றைத் தாளில் அச்செடுத்துக் கையில் வைத்திருங்கள். நண்பரின் தொலைபேசி எண்ணை எழுதியும் வையுங்கள், கைபேசி அணைந்துபோகலாம். வருகையையும் வெளியேற்றத்தையும் முகப்படம், விரல் ரேகையோடு மின்னணு முறையில் பதிவுசெய்யும் ஏற்பாடு 2025 அக்டோபர் 12-இல் தொடங்கியது. அதனால் நீங்கள் தங்கிய நாட்களைக் கணினியே எண்ணிக்கொள்ளும்.

ரயில் நிலையம் விமான நிலையத்துக்குக் கீழேயே இருக்கிறது. அமஸ்டர்டாம் சென்ட்ராலுக்குச் சுமார் கால் மணி நேரம். தனியாக டிக்கெட் வாங்கவேண்டியதில்லை. தொடாமல் பணம் செலுத்தும் வசதியுள்ள வங்கி அட்டையை நிலைய வாசலில் உள்ள கம்பத்திலோ கதவிலோ காட்டிவிட்டு ஏறலாம். இறங்கியதும் மறுபடி காட்டவேண்டும். ரயில், பஸ், டிராம், மெட்ரோ எல்லாவற்றிலும் இதே முறைதான். பெயர் ஓவிபே. புதியவர்கள் இங்கேதான் பணத்தை விடுகிறார்கள் என்பதால் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

ஒருவருக்கு ஓர் அட்டை. கணவன் மனைவி இருவரும் ஒரே அட்டையைக் காட்ட முடியாது. ஏறும்போது காட்டிய அதே அட்டையைத்தான் இறங்கும்போதும் காட்டவேண்டும். அட்டையைக் காட்டி ஏறிவிட்டு, அதே கணக்கை வைத்திருக்கும் கைபேசியைக் காட்டி இறங்கினால் இரண்டும் வெவ்வேறாகக் கணக்கிடப்படும். ரயிலில் இறங்கும்போது காட்ட மறந்தால் 20 யூரோ பிடிப்பார்கள். ஓவிபே தளத்தில் முறையிட்டுத் திரும்பப் பெறலாம். வடக்கிலும் கிழக்கிலும் சில தடங்களை நாட்டின் முக்கிய ரயில் நிறுவனமான என்எஸ் அல்லாமல் அரிவா போன்ற நிறுவனங்கள் நடத்துகின்றன. நிறுவனம் மாறும் நிலையத்தில் ஒன்றின் கம்பத்தில் வெளியேறி, மற்றதின் கம்பத்தில் நுழையவேண்டும். ஸ்கிபோலுக்கும் ரோட்டர்டாமுக்கும் நடுவே ஓடும் இன்டர்சிட்டி டைரக்ட் ரயிலுக்குக் கூடுதல் கட்டணம் உண்டு. பஸ்ஸில் ரொக்கம் வாங்கமாட்டார்கள்.

நண்பரிடம் என்எஸ் சந்தா இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் நெரிசலற்ற நேரத்தில் அவரோடு சேர்ந்து போகும் மூன்று பேர் வரை 40 சதவீதத் தள்ளுபடி கிடைக்கும். நெரிசல் நேரம் என்பது வார நாட்களில் காலை 6.30 முதல் 9 வரை, மாலை 4 முதல் 6.30 வரை. வார இறுதியில் அவர் உங்களோடு வரும் நாளுக்கு நீண்ட தூரப் பயணங்களை ஒதுக்கிவையுங்கள்.

அவர் வீட்டுக்குள்

வாசற்கதவு பல வீடுகளில் வெளியிலிருந்து கைப்பிடி இல்லாதது. இழுத்து மூடினால் பூட்டிக்கொள்ளும். குப்பை போட இறங்கினாலும் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு இறங்குங்கள். பழைய வீடுகளின் மாடிப்படி ஏணி போலச் செங்குத்தாக இருக்கும். முதுகில் பையோடு ஏறாமல் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்வது பாதுகாப்பு. கழிப்பறையில் தண்ணீர்க் குழாய் இருக்காது, தரையில் வடிகாலும் இருக்காது. சிறிய குவளையோ அமுக்கிப் பீச்சும் பாட்டிலோ வாங்கிக்கொண்டு, தரையில் சிந்தாமல் பழகுங்கள். மரத்தளத்துக்குள் நீர் இறங்கினால் கீழ்வீட்டுக் கூரைக்குப் போய்விடும்.

எல்லா வீடுகளிலும் ஒவ்வொரு தளத்திலும் புகை எச்சரிக்கைக் கருவி இருக்கவேண்டும் என்பது 2022 ஜூலை 1 முதல் சட்டம். காய்ந்த மிளகாயைத் தாளித்தால் அது அலறும். அடுப்புக்கு மேலுள்ள உறிஞ்சியைப் போட்டு, ஜன்னலைத் திறந்துவிட்டுத் தாளியுங்கள். சமையலறையும் கூடமும் ஒன்றாக இருக்கும் வீடுகளில் வாசம் துணிமணி வரை ஏறும், அதனால் அறைத் தோழர் இருந்தால் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். குப்பையைப் பிரிக்கும் முறை ஊருக்கு ஊர் வேறு. சில இடங்களில் தெருத்தொட்டியைத் திறக்கவே அட்டை வேண்டும். முதல் நாளே நண்பரிடம் காட்டச் சொல்லுங்கள். ஹீட்டரை நீங்களாக ஏற்றாதீர்கள், எரிவாயுக் கட்டணம் அங்கே ஒவ்வொரு குடும்பமும் கணக்குப் பார்க்கும் விஷயம்.

நண்பர் தமிழராக இல்லாமல் டச்சுக்காரராக இருந்தால் சில வழக்கங்களை முன்பே தெரிந்துகொள்வது உதவும். சாப்பாடு வேண்டுமா என்று ஒரு முறை கேட்பார்கள். நம் ஊர்ப் பழக்கத்தில் "வேண்டாம், பரவாயில்லை" என்று சொன்னால் அதை அப்படியே எடுத்துக்கொள்வார்கள், இரண்டாம் முறை கேட்கமாட்டார்கள். பசித்தால் முதல் முறையே சரி என்று சொல்லுங்கள். இரவுச் சாப்பாடு ஆறு மணி வாக்கில். ஆட்களை எண்ணிச் சமைப்பார்கள், எனவே வருவீர்களா இல்லையா என்பதை மதியத்துக்குள் சொல்லிவிடவேண்டும். எட்டு மணிக்குக் காபிக்கு அழைத்தால் காபி மட்டும்தான், சாப்பிட்டுவிட்டுப் போங்கள். வெளியே போய்வந்த செலவில் உங்கள் பங்கைக் கேட்டுச் சிறிய தொகைக்குக்கூடக் கட்டணச் சுட்டி அனுப்புவார்கள். அதில் மனத்தாங்கலுக்கு இடமில்லை, கணக்கு நேராக இருந்தால் நட்பும் நேராக இருக்கும் என்று நினைக்கிறவர்கள் அவர்கள்.

தமிழ் நண்பர் பணம் வாங்கமாட்டார். அதனால் வாரத்தின் காய்கறி, அரிசிச் செலவை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். அவர் வேலை முடிந்து வரும் ஒரு மாலை சாம்பாரும் பொரியலும் சூடாக இருக்கட்டும்.

சைக்கிள்

சுமார் ஒரு கோடியே எண்பது லட்சம் மக்கள், இரண்டு கோடிக்கும் மேலான சைக்கிள்கள். இந்த நாட்டைச் சைக்கிள் ஏறாமல் பார்ப்பது பாதி பார்த்ததுதான். உட்ரெக்ட் நிலையத்தின் அடியில் 12,500 சைக்கிள் நிறுத்தும் இடம் இருக்கிறது, உலகிலேயே பெரியது. முதல் 24 மணி நேரம் இலவசம்.

ரயில் நிலையங்களில் மஞ்சளும் நீலமுமாக நிற்கும் ஓவி-ஃபீட்ஸ் சைக்கிளைச் சுற்றுலாப் பயணி நேரடியாக எடுக்கமுடியாது, அதற்கு உள்ளூர்ச் சந்தா வேண்டும். ஆனால் நண்பர் தன் அட்டையில் ஒரே நேரத்தில் இரண்டு எடுக்கலாம். இருவரும் சேர்ந்து போகும் நாளில் இதுதான் மலிவு. தனியாகப் போகும் நாட்களுக்குக் கடையில் வாடகைக்கு எடுங்கள். தெருவில் யாராவது மிக மலிவாகச் சைக்கிள் விற்க வந்தால் வாங்காதீர்கள். பெரும்பாலும் திருட்டுச் சைக்கிளாக இருக்கும், அதை வாங்குவதும் குற்றம்.

முதல் அரை மணி நேரம் அமைதியான தெருவில் ஓட்டிப் பழகுங்கள். பல சைக்கிள்களில் கையில் பிரேக் கிடையாது. பெடலைப் பின்னோக்கி மிதித்தால்தான் நிற்கும். சிவப்புத் தளம் போட்ட பாதையில் வலது ஓரமாகப் போகவேண்டும். திரும்பும் முன் கையை நீட்டிக் காட்டவேண்டும். தரையில் வெள்ளை முக்கோணங்களின் கூர்முனை உங்களை நோக்கி இருந்தால் நீங்கள் நின்று வழிவிடவேண்டும். எந்தக் குறியும் இல்லாத சந்திப்பில் வலப்பக்கமிருந்து வருகிறவருக்கு முதலிடம். டிராம் தண்டவாளத்தைச் சாய்வாகக் கடக்காதீர்கள், சக்கரம் உள்ளே இறங்கிவிடும்; நேர்குறுக்காகக் கடக்கவேண்டும். இருட்டில் முன்னால் வெள்ளை விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கும் கட்டாயம். ஓட்டிக்கொண்டே கைபேசியைக் கையில் பிடித்தால் அபராதம். நிறுத்தும்போது சக்கரப் பூட்டோடு சங்கிலியும் போட்டு அசையாத எதிலாவது கட்டிவையுங்கள்.

ஊருக்கு வெளியே போக வரைபடம்கூடத் தேவையில்லை. சந்திப்புகளுக்கு எண் கொடுத்து நாடு முழுக்கப் பலகை வைத்திருக்கிறார்கள். 23, 41, 08 என்று போகவேண்டிய எண்களை ஒரு தாளில் எழுதி ஹேண்டில்பாரில் ஒட்டிக்கொண்டால் போதும், ஒவ்வொரு பலகையும் அடுத்த எண்ணுக்கு அம்பு காட்டும். மேடு இல்லாத நாடு என்று நினைத்து நீண்ட தூரம் திட்டமிடாதீர்கள். எதிர்காற்று அடித்தால் மலையேற்றத்தை விடக் கடினம். காலையில் காற்றின் திசை பார்த்து, எதிர்த்துப் போய் அதன் போக்கில் திரும்பும்படி வழியை அமைத்துக்கொள்ளுங்கள்.

எங்கே போவது

அமஸ்டர்டாமுக்கு இரண்டு அல்லது மூன்று நாள் போதும். ஆன் ஃபிராங்க் வீட்டுக்கு இணையத்தில் மட்டுமே சீட்டு. ஆறு வாரத்துக்குப் பிறகு வரும் நாட்களுக்கான சீட்டுகளைச் செவ்வாய்க்கிழமைதோறும் வெளியிடுவார்கள். விசா வந்ததும் செய்யவேண்டிய முதல் வேலை இது. வான் கோ அருங்காட்சியகத்துக்கும் நேரச் சீட்டு வேண்டும். சென்ட்ரால் நிலையத்தின் பின்புறமிருந்து ஐ நீர்நிலையைக் கடக்கும் படகு இலவசம், சைக்கிளோடும் ஏறலாம்.

மேற்கில் லெய்டன், டென் ஹாக், டெல்ஃப்ட், ரோட்டர்டாம் நான்கும் ஒரே ரயில் தடத்தில் அடுத்தடுத்து வரும். டென் ஹாக்கிலிருந்து டெல்ஃப்ட்டுக்கு 1ஆம் எண் டிராமிலேயே போகலாம். இவற்றில் லெய்டனுக்கு நான் கூடுதலாக ஒரு நாள் ஒதுக்கச் சொல்வேன். நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு ராஜராஜ சோழன் ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடையளித்ததைச் சொல்லும் செப்பேடுகளை நம் வரலாற்று நூல்கள் லெய்டன் செப்பேடுகள் என்று அழைப்பது இந்த ஊரை வைத்துத்தான்; டச்சுக்காரர்கள் கையில் ஒரு நூற்றாண்டுக்கும் மேல் இருந்த துறைமுகம் நாகை. செப்பேடுகளைப் பற்றி அறிய விரும்பினால் பல்கலைக்கழக நூலகத்துக்கு முன்கூட்டியே மின்னஞ்சல் எழுதிக் கேளுங்கள். எதுவும் கேட்காமலே பார்க்கக்கூடியவை ஊர்ச் சுவர்களில் பல மொழிகளில் தீட்டியிருக்கும் கவிதைகள். நூற்றுக்கு மேல் இருக்கின்றன, நடந்தே தேடலாம்.

ரோட்டர்டாமிலிருந்து கின்டர்டெய்க் போங்கள். தாழ்நிலத்து நீரை இறைப்பதற்காகக் கட்டிய 19 காற்றாலைகள் வரிசையாக நிற்கின்றன. 1997 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. நாட்டின் கால்வாசி நிலம் கடல்மட்டத்துக்குக் கீழே இருக்கிறது என்று புத்தகத்தில் படித்தது அங்கே கண்ணுக்குத் தெரியும்: கால்வாயின் நீர்மட்டம் மேலே, மாடு மேயும் புல்வெளி கீழே.

நடுப்பகுதியில் ஹோக வேலுவ தேசியப் பூங்கா. நுழைவுச் சீட்டு வாங்கினால் உள்ளே வெள்ளைச் சைக்கிள்களை இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். காட்டுக்கு நடுவே இருக்கும் க்ரோலர்-ம்யூலர் அருங்காட்சியகத்தில் வான் கோ ஓவியங்களின் உலகின் இரண்டாவது பெரிய தொகுப்பு இருக்கிறது. அதற்குத் தனிச் சீட்டு, திங்கட்கிழமை விடுமுறை. காட்டிலும் உயரமான புல்லிலும் நடந்துவிட்டு வந்தால் கால் மடிப்பு, இடுப்பு, அக்குளில் உண்ணி கடித்திருக்கிறதா என்று அன்றிரவே பாருங்கள். லைம் நோய் அதன் வழியாகத்தான் பரவுகிறது.

நடக்கப் பிடித்தவர்களுக்குப் பீட்டர்பாட். வடக்கே பீட்டர்புரன் என்ற சிற்றூரில் தொடங்கி மாஸ்ட்ரிக்ட்டின் சின்ட் பீட்டர்ஸ்பெர்க் குன்று வரை சுமார் 500 கிலோமீட்டர். இரண்டு பெண்கள் யோசித்து, வழி கண்டு, 1983-இல் திறந்துவைத்த பாதை இது. வெள்ளை-சிவப்புக் கோடுகளைப் பார்த்துக்கொண்டே போகவேண்டியதுதான். முழுவதையும் நடக்கவேண்டாம். முதல் கட்டம் பீட்டர்புரனிலிருந்து வின்சும் வரை, பன்னிரண்டு கிலோமீட்டர் வாக்கில். வின்சுமிலிருந்து க்ரோனிங்கனுக்கு ரயில் உண்டு. ஒரு பகல் நடைக்குக் கச்சிதம்.

தீவுகளில் டெக்சல் எளிது. டென் ஹெல்டரிலிருந்து படகில் இருபது நிமிடம். போகும்போது வாங்கும் சீட்டே திரும்பவும் செல்லும். அமைதி வேண்டுமென்றால் ஸ்கீர்மோனிகோக் அல்லது ஃப்ளீலாண்ட். வெளியூர்க் கார்களுக்கு அங்கே அனுமதியில்லை. கடல் உள்வாங்கும் நேரத்தில் சேற்றுத்தரையில் நடந்தே தீவுக்குப் போகும் வழக்கமும் இருக்கிறது. வழிகாட்டி இல்லாமல் ஒருபோதும் இறங்காதீர்கள், நீர் திரும்பி ஏறும் வேகத்துக்கு ஓடித் தப்பமுடியாது.

வெளியே தங்கும் இரவுகள்

கண்ட இடத்தில் கூடாரம் அடிக்க நாடு முழுக்கத் தடை. ஸ்டேஓகே என்ற ஹாஸ்டல் நிறுவனத்தின் விடுதிகள் பல ஊர்களில் உண்டு. ரோட்டர்டாமில் அது புகழ்பெற்ற கனசதுர வீடுகளுக்குள்ளேயே இருக்கிறது. முகாம் தளங்களில் ட்ரெக்கர்ஸ்ஹுட் எனப்படும் சிறு மரக்குடில்கள் கிடைக்கும். நடப்பவர்களும் சைக்கிளில் வருகிறவர்களும் உறுப்பினராகி, வீடுகளில் படுக்கையும் காலை உணவும் பெறும் 'ஃப்ரீண்டன் ஒப் த ஃபீட்ஸ்' என்ற அமைப்பும் இருக்கிறது. ஆயிரக்கணக்கான முகவரிகள், ஹாஸ்டலை விட இதமான அனுபவம். அமஸ்டர்டாமில் அறை வாடகையின் மேல் 12.5 சதவீதம் சுற்றுலா வரி. 2026 முதல் தங்கும் கட்டணங்களுக்கான மதிப்புக் கூட்டு வரியும் 9-லிருந்து 21 சதவீதமாகிவிட்டது. எனவே தலைநகர இரவுகளை நண்பர் வீட்டுக்கோ, பக்கத்து ஊருக்கோ மாற்றிக்கொள்வது நல்லது.

சாப்பாடும் சில்லறைச் செலவும்

ஆல்பர்ட் ஹைன், யும்போ, லிடில், ஆல்டி ஆகிய சூப்பர்மார்க்கெட்டுகளே உங்கள் உணவகம். ரொட்டி, சீஸ், தயிர், பழம் வாங்கி மதியத்துக்குக் கட்டிக்கொள்ளுங்கள். குழாய்த் தண்ணீர் நாடு முழுக்கக் குடிக்கலாம். வாங்கும் பாட்டில், டின்களுக்கு 15 அல்லது 25 சென்ட் முன்பணம் சேர்ப்பார்கள். காலியானதைக் கடையிலுள்ள இயந்திரத்தில் போட்டுத் திரும்ப வாங்குங்கள். நிலையக் கழிப்பறைகளுக்குக் கட்டணம் உண்டு, அட்டையில் செலுத்தலாம். பல கடைகள் ரொக்கம் வாங்குவதில்லை, சிலவற்றில் கிரெடிட் கார்டு செல்லாது. அதனால் ஒரு டெபிட் வகைப் பயண அட்டையும் கொஞ்சம் ரொக்கமும் இருக்கட்டும்.

நாக்கு செத்துப்போகும் நாளில், தென் அமெரிக்காவில் முன்பு டச்சுக் காலனியாக இருந்த சுரிநாம் நாட்டு உணவகம் தேடுங்கள். 1873 முதல் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகச் சுரிநாமுக்குக் கொண்டுபோகப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் பெருமளவில் டென் ஹாக்கிலும் மற்ற நகரங்களிலும் வாழ்கிறார்கள். அவர்கள் கடையில் ரொட்டி கேட்டால் மெல்லிய ரொட்டியோடு உருளைக்கிழங்கு மசாலா, காராமணிக்காய், முட்டையோ கோழியோ வரும். சைவமாகவும் கேட்கலாம். வயிறு நிறையும், விலையும் நியாயம்.

உடம்பு, காவல்

அவசரத்துக்கு 112. உயிராபத்து இல்லாத காய்ச்சல், வயிற்றுப்போக்குக்கு நேராக மருத்துவமனைக்குப் போனால் பார்க்கமாட்டார்கள். முதலில் குடும்ப மருத்துவரை அழைக்கவேண்டும். இரவிலும் வார இறுதியிலும் அதற்கென உள்ள முறை மருத்துவ நிலையத்தை அழைக்கலாம். நண்பரிடம் எண்ணை வாங்கிவையுங்கள். ஆன்டிபயாடிக் சீட்டில்லாமல் கிடைக்காது. வழக்கமாகச் சாப்பிடும் மருந்துகளை மருத்துவர் சீட்டோடு எடுத்துப் போங்கள். பதினான்கு வயதும் அதற்கு மேலும் உள்ள எவரும் அடையாள ஆவணத்தைக் காட்டக் கடமைப்பட்டவர் என்பது சட்டம், எனவே அசல் பாஸ்போர்ட் எப்போதும் உடம்போடு ஒட்டிய பையில் இருக்கட்டும். ஸ்கிபோல் ரயிலிலும் அமஸ்டர்டாம் டிராமிலும் ஜேப்படித் திருட்டு உண்டு.

கிளம்பும்போது

முந்தின இரவே படுக்கை விரிப்பைக் கழற்றித் துவைக்கும் இயந்திரத்தில் போடுங்கள். குளிர்பெட்டியில் நீங்கள் வாங்கியது என்ன மிச்சம் என்று நண்பரிடம் சொல்லிவிடுங்கள். சாவியை நேரில் கையில் கொடுங்கள். அவர் வேலைக்குப் போயிருந்தால், கதவை இழுத்து மூடும் முன் பாஸ்போர்ட்டும் பையும் வெளியே வந்துவிட்டனவா என்று பார்த்துவிட்டு, சாவியைக் கடிதத் துளை வழியே உள்ளே போடுங்கள். கோடையில் ஸ்கிபோல் பாதுகாப்புச் சோதனை வரிசை நீளும், மூன்று மணி நேரம் முன்பே அங்கே இருங்கள். ரயிலை விட்டு இறங்கியதும் அட்டையைக் கம்பத்தில் காட்டிவிட்டு மேலே ஏறுங்கள். விமானச் சீட்டின் மிச்சத்தைக் குப்பையில் போடாதீர்கள். நாள் கணக்கில் எப்போதாவது கேள்வி எழுந்தால் நீங்கள் உரிய நாளில் வெளியேறியதற்கு அது சான்று; அடுத்த விசாவுக்கு உங்களுக்கும், படிவத்தில் கையெழுத்திட்ட நண்பருக்கும் உதவும்.